சென் படித்திறன்: முற்றத்து மழையும் அப்பாவின் கயிறும்

தங்கச்சியின் மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருஷம். "மாமா, வருஷா வருஷம் கூடுதா குறையுதா என்று போக்குப் பார்க்கிறதுக்கு சென் படித்திறன் எடுக்கட்டா?" என்று நேற்றுக் கேட்டாள். ஆறு வருஷமாக இதைப் பாவிக்கிறேன், ஆனாலும் உடனே பதில் வரவில்லை.

செய்முறை அவளுக்கே தெரியும். எல்லாச் சோடிப் புள்ளிகளுக்கும் படித்திறன் (வருஷத்துக்கு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்ற வீதம்) கண்டு, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கிற இடையத்தை எடுக்க வேண்டியதுதான். 1950 இல் ஒல்லாந்துப் பொருளியலாளர் தைல் சொன்னதை 1968 இல் கல்கத்தாக்காரர், புள்ளியியலாளர் பிரணாப் குமார் சென் விரிவாக்கினார்.

முதலில் மழை. செங்கலடியில் எங்கள் முற்றத்தில் மழைமானி வைத்தது 2011 ஜனவரியில், அந்தப் பெருவெள்ளத்தோடு. அதனால் என் கொப்பியின் முதல் வருஷமே பூதம். எக்செலில் இழிவு வர்க்கக் கோடு (புள்ளிகளிலிருந்து விலகும் தூரங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் நேர்கோடு) போட்டால் மட்டக்களப்பில் மழை வற்றிக்கொண்டு போவதுபோல் சரிந்து விழும். நுனியில் நிற்கிற ஒரு புள்ளிக்கு அவ்வளவு இழுவை. சென் முறையில் 2024 வரை 14 வருஷத்துக்கு 91 சோடிகள். அவற்றில் 2011 கலந்தவை 13 மட்டுமே. கோடு அசையவில்லை. தரவில் ஏறத்தாழ 29 வீதம் வரை கெட்டுக்கிடந்தாலும் இது தாங்கும் என்று படித்ததைக் கண்ணால் கண்டபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

என் கோபம் கிணற்றில்.

அப்பா 2001 இலிருந்து ஒவ்வொரு செப்டெம்பர் கடைசியிலும், மாரி தொடங்கமுன், கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே என்று அளந்தார். நுனியில் ஈயக்குண்டு, அரை அடிக்கு ஒரு முடிச்சு. அவர் போன பிறகும் அதே கயிற்றால் நான் அளந்தேன். 24 வருஷம், 276 சோடிகள். தண்ணீர் கீழே போனதாக 128, மேலே வந்ததாக 33, மிச்சம் 115 உம் சமம். கூடிய சோடிகளையும் குறைந்த சோடிகளையும் எண்ணி ஒப்பிடுகிற மான்–கெண்டால் சோதனை "போக்கு இருக்கிறது" என்று ஒரு வீத மட்டத்திலேயே (போக்கே இல்லாமல் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு) சொல்கிறது. சென் படித்திறனோ பூச்சியம்! வருஷத்துக்கு எத்தனை அங்குலம் என்ற கேள்விக்குப் பதில் பூச்சியம்.

ஏன் என்று ஆறு அளவுகளில் பார்க்கலாம்: 9, 9, 9, 9½, 9, 9½ அடி. சோடி 15. கூடியவை 7, குறைந்தது 1, சமம் 7. வரிசையில் எட்டாவதுதான் இடையம், அது பூச்சியத்துக்குள் விழுகிறது. ஏழுக்கு ஒன்று என்று கூடியிருந்தும் விடை பூச்சியம்.

பிழை கயிற்றில் என்பது எனக்கு விளங்குகிறது. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையில் தண்ணீர் இறங்கியதைக் கயிறு பார்க்கவில்லை, முறை என்ன செய்யும்? நியாயம்தான். என்றாலும் "தண்ணி இறங்குது மகன்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கட்டிய கயிற்றையே வைத்து அவர் சொன்னதைப் பூச்சியம் என்று காட்டுகிற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

உருக்கு அளவுநாடா ஒன்று வாங்கியிருக்கிறேன், இனிச் சென்ரிமீற்றரில்தான். ஆனால் போன 24 செப்டெம்பரையும் திரும்ப அளக்க முடியாதே.

மருமகளிடம் சொன்னது இதுதான்: மழைக்கு யோசிக்காமல் எடு, மாதக் கணக்கென்றால் நவம்பரை நவம்பரோடு மட்டும் சோடி சேர். கிணற்றுக்கு வேண்டாம். 128, 33, 115 என்று மூன்று எண்ணையும் அப்படியே எழுது.