நெல்லை எஃப்எம்ல விளம்பரம் குடுக்கலாமா? இருபது வருசமா கேக்குறவனோட ரிவ்யூ

அம்பாசமுத்திரத்துல டைலர் கடை வச்சிருக்கேன். காலைல ஷட்டர தூக்குனா மொத வேலை ரேடியோவ போடுறது, அப்புறம்தான் மிஷினுக்கு எண்ணெய். ராத்திரி ஒம்பது வரைக்கும் ஓடிட்டே இருக்கும். நம்ம பஜார்ல ரெண்டு மூணு பேரு "அண்ணாச்சி, எஃப்எம்ல விளம்பரம் குடுத்தியளே, பிரயோசனம் உண்டா"ன்னு கேட்டுட்டே இருக்காவ. ஆளாளுக்கு சொல்லி வாய் வலிக்கு, அதான் எழுதிருதேன்.

மொதல்ல பழைய கதை கொஞ்சம். எங்க அய்யா காலத்துல ஆகாசவாணி திருநெல்வேலி உண்டு, 1963-ல வந்தது. ஆனா விளம்பரமும் சினிமா பாட்டும் கலந்து ஜோரா கேக்கணும்னா இலங்கை வானொலிதான். அப்துல் ஹமீது குரல் வந்தா அய்யா காஜா எடுக்குறத நிறுத்திட்டு காத தீட்டிட்டு உக்காந்துருவாராம். இங்க ரேடியோ விளம்பரம்னு ஒன்ன பழக்கிவிட்டதே கொழும்புக்காரங்கதான்னு நான் சொல்லுவேன்.

அப்புறம் 2000 வாக்குல கவர்மெண்ட் தனியாருக்கு எஃப்எம் ஏலம் விட்டுச்சு. 40 ஊரு, 108 அலைவரிசை. கடைசில ஓடுனது என்னமோ இருபத்திச் சொச்சம்தான். லைசன்ஸ் ஃபீஸ் வருசா வருசம் 15 சதவீதம் ஏறும்னு வச்சிருந்தா எவன் தாக்குப்பிடிப்பான், பாதிப்பேரு ஏலம் எடுத்த கையோட ஓடிட்டான். அந்த கொஞ்சூண்டு லிஸ்டுல நம்ம திருநெல்வேலி உண்டு! சூரியன் எஃப்எம் 93.5. மதுரைக்காரனுக்கும் திருச்சிக்காரனுக்கும் தனியார் எஃப்எம் வாரதுக்கு முன்னாடியே நமக்கு வந்துட்டு, இத நான் எங்க போனாலும் பெருமையா சொல்லுவேன், எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுன்னாலும். 2005-ல ரூல மாத்தி, ஒரு தடவை நுழைவுக் கட்டணம் கட்டு, பொறவு வருமானத்துல 4 சதவீதம் குடுன்னு ஆக்குனப்புறம்தான் ஹலோ எஃப்எம் 106.4 வந்துச்சு, தூத்துக்குடிக்கும் ஸ்டேஷன் வந்துச்சு.

அந்த ஆரம்ப நாள்ல சுகமே வேற. போன் போட்டு பாட்டு கேக்குறவன் நம்ம பக்கத்துத் தெருக்காரனா இருப்பான். "களக்காட்டுல இருந்து பேசுதேன்"னு குரல் வந்தா கடைல இருக்க எல்லாரும் இது யாரு மவன்னு யோசிப்போம். விளம்பரமும் அப்படித்தான், டவுன் நகைக்கடை, வண்ணாரப்பேட்டை பாத்திரக்கடை, ஏதோ ஒரு ஊரு கல்யாண மண்டபம்னு எல்லாமே நாம பஸ் ஏறிப்போற இடம். எனக்கு பாட்ட விட அதுதான் பிடிச்சிது.

இப்ப என் விளம்பரக் கதைக்கு வாரேன். எந்த ஸ்டேஷன்னு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. ஒரு தீவாளிக்கு முன்னாடி குடுத்தேன். ரேட்டு பத்து செகண்டுக்கு இவ்வளவுன்னு பேசுவாங்க, காலைலயும் சாயங்காலமும் ரேட்டு கூட, மத்தியானம் கம்மி. நான் மத்தியானத்த எடுத்தேன், ஏன்னா நம்ம கஸ்டமர் பூரா வீட்டுல இருக்க பொம்பளையாளுங்க, பீடி சுத்திக்கிட்டே ரேடியோ கேக்குறவங்க. கணக்கு சரியாத்தான் போட்டேன், ஆனா விளம்பரம் ஓடுது, கேட்டுட்டு தலைல அடிச்சிக்கிட்டேன். வெளியூர்ல எவனோ குரல் குடுத்திருக்கான், வீரவநல்லூர "வீரா நல்லூர்"ன்னு வாசிச்சிருக்கான்! எங்க பிராஞ்சே அங்கதான். நாலு நாளு அப்படியே ஓடிச்சு. ஒரு அக்கா வந்து "என்ன டைலரே, ஊரயே மாத்திட்டேரே"ன்னு சிரிக்கா. போன் போட்டு சத்தம் போட்டப்புறம் மாத்துனாங்க, மறு ஒலிப்பதிவுக்கு காசு வாங்கல, அது வரைக்கும் சந்தோசம். ஆனா நெசத்த சொல்லணும்ல, அந்த வருசம் ஆர்டர் கூடத்தான் வந்துச்சு. நாலஞ்சு பேரு "ரேடியோல கேட்டோம்"னே சொன்னாங்க, வீரா நல்லூர் காமெடியே விளம்பரமா போச்சோ என்னவோ.

இப்படி ஆகுறதுக்கு காரணம் வெறும் கவனக்குறைவு மட்டும் இல்ல. முன்னாடி நம்மள மாதிரி சின்ன ஊரு ஸ்டேஷன்கள் அந்தந்த வட்டாரத்துக்குள்ளதான் நிகழ்ச்சிய பகிர்ந்துக்கலாம்னு இருந்துச்சு. அப்புறம் ஒரு கம்பெனி தன்னோட எல்லா ஸ்டேஷனுக்கும் நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சிய ஓட்டலாம்னு ரூல் வந்துட்டு. செலவு மிச்சம், புரியுது. ஆனா எங்கயோ உக்காந்து ஒருத்தர் எல்லா ஊருக்கும் சேத்து ஒரே பேச்சா பேசுனா, ஆழ்வார்குறிச்சில இருக்கவனுக்கு அதுல என்ன இருக்கு, அதுக்கு பென்டிரைவ் போதுமே.

இன்னொண்ணு நியூஸ். தனியார் எஃப்எம் சொந்தமா செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணி செய்திய அப்படியே மாத்தாம போடலாம், அவ்வளவுதான். ஆனா மழை, கரண்டு, தண்ணி, வெள்ளம்னு அதிகாரிங்க குடுக்குற அறிவிப்ப சொல்லலாம், அது செய்திக் கணக்குல வராது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட பெஞ்சது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஜனத்தோட நின்னுச்சு. எங்க தெருவுல கரண்டும் இல்ல, செல் டவரும் இல்ல. ரெண்டு பென்சில் பேட்டரி போட்ட சின்ன ரேடியோ ஒண்ணுதான் வீட்டுல உயிரோட இருந்துச்சு, எட்டு வீட்டு ஆளு அதச் சுத்தி உக்காந்திருந்தோம். அப்ப ஒரு ஸ்டேஷன திருப்புனா காதல் பாட்டு ஓடுது. எம்பொண்டாட்டி ரேடியோவ பிடுங்கி வெளிய எறியப் போனா, நல்லவேளை நான் பிடிச்சிட்டேன்.

சிக்னல் பத்தி ஒரு வார்த்தை. அம்பை வரைக்கும் சுத்தமா கேக்கும், பாபநாசம் மலையடிவாரம் போனா கரகரப்பு, அதுக்கு ஸ்டேஷன குத்தம் சொல்லி என்ன செய்ய. புது செல்போன்ல பாதிக்கு எஃப்எம்மே கிடையாது, அதனால தனி ரேடியோ ஒண்ணு வாங்கி வச்சிக்கோங்க.

மார்க்கு: கேக்குறதுக்கு அஞ்சுக்கு மூணு, விளம்பரத்துக்கு மூணரை. வார தீவாளிக்கும் குடுக்கலாம்னுதான் இருக்கேன், ஆனா இந்த தடவை எல்லா ஊர் பேரையும் நானே வாட்ஸ்அப்ல பேசி அனுப்பிருவேன், "வீரவ... நல்லூர்"னு நிறுத்தி நிறுத்தி.