பிழை நாணயம் என்று நம்பி 18,500 ரூபாய் இழந்தேன்: மறுபக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

சில நாட்களுக்கு முன்பு வரை என் கணக்கில் இருந்த 18,500 ரூபாய் இன்று இல்லை. அதற்கு ஈடாக, எங்கு கொடுத்தாலும் ஐந்து ரூபாய்க்கு மட்டுமே செல்லும் ஒரு காசும், அதன் விளிம்பிலிருந்து உரிந்து வந்த பசைத் துணுக்கும் என் மேசைமேல் கிடக்கின்றன. கோபம் ஆறிவிட்டால் வெட்கத்தில் எழுதாமல் விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நாணயச் சாலையில் தவறாக அச்சாகி வெளிவந்த காசுகளைப் பிழை நாணயம் என்று சேகரிப்பாளர்கள் கூடுதல் விலைக்கு வாங்குவார்கள். கைபேசி வழியே ஏலம் நடத்தும் அப்படியொரு சேகரிப்பாளர் குழுவில் ஓராண்டாக இருந்தேன். சென்ற மாதம் அங்கே ஓரம் வெட்டுப்பட்ட ஒரு ரூபாய்க் காசு ஏலத்துக்கு வந்தபோது நான் விலை கேட்டேன். உடனே குழுவின் இன்னொரு விற்பனையாளர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்: "அதை வாங்காதீர்கள் சார். அச்சடிக்கும் முன் வெற்று வில்லையிலேயே வெட்டு விழுந்திருந்தால் வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் மழுங்கியிருக்கும். இதில் எதிர் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள்." அவர் சொன்னது அத்தனையும் சரி. கேட்காமலே வந்து என் பணத்தைக் காப்பாற்றியவர் என்ற எண்ணம் அந்த நொடியில் எனக்குள் விழுந்தது; அதற்குப் பிறகு அவர் எதைக் காட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேன். அந்த ஒரு ரூபாய்க் காசும் அவருடையதாகவே இருந்திருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

இரண்டு வாரம் கழித்து அவர் காட்டியது மஞ்சள் நிற நிக்கல் பித்தளை ஐந்து ரூபாய். சிங்கமுகப் பக்கத்தில், 'இந்தியா' என்ற ஆங்கில எழுத்துகளில் கடைசி இரண்டை மூடிக்கொண்டு விளிம்போடு ஒட்டிய ஒரு வழவழப்பான மேடு. அதிலிருந்து சிங்கத்தின் மார்பு வரை ஓடும் ஒரு மெல்லிய புடைப்புக் கோடு. பார்த்தவுடன் மனம் போய்விட்டது. நாணயச் சாலையில் லட்சக்கணக்கான முறை அடி வாங்கும் எஃகு அச்சு களைத்து விரிசல் விடும்போது, காசின் உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறிப் புடைத்த கோடாக நிற்கும். விரிசல் முற்றி அச்சின் ஓரம் துண்டாகவே பெயர்ந்துவிட்டால் அவ்விடத்தில் எழுத்தும் உருவமும் இல்லாத மேடு உண்டாகும். மயிரிழை விரிசல் உள்ள காசுகள் சில்லறையிலேயே கிடைக்கும். அவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. ஓரம் பெயர்ந்த அச்சின் காசுதான் அரிது. 5,000 ரூபாய் முன்பணம், மீதி 13,500 அனுப்பும் முன் என்று இரண்டு தவணையாக 18,500 ரூபாயையும் கட்டினேன். உறையிட்ட ஒரு 'சான்றிதழ்' அட்டையும் உடன் வரும் என்றார், வந்தது.

காசு கைக்கு வந்த அன்று இரவு பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தேன். மேட்டின் அடியில், அது காசின் தளத்தோடு சேரும் இடத்தில், மண் ஒட்டியதுபோல ஒரு கரிய வரி தெரிந்தது. காசின் உலோகமே புடைத்திருந்தால் அங்கே சேர்க்கை என்பதே இருக்காது. பிறகுதான் காசைத் திருப்பினேன். அச்சின் ஓரம் பெயர்ந்திருந்தால் உலோகம் அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும். அதனால் மறுபக்கத்தில் அதே இடத்துக்குப் போதிய அழுத்தம் கிடைக்காமல் வேலைப்பாடு மங்கலாக விழ வேண்டும். என் காசின் மறுபக்கத்தில் அந்த இடம் புதுக்காசு போலத் தெளிவாக இருந்தது. அவர் எனக்கு அனுப்பிய ஏழு படங்களும் ஒரே பக்கத்தின் படங்கள். எதிர்ப்பக்கத்தைப் பார் என்று ஓரம் வெட்டுப்பட்ட காசில் எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான், நான்தான் கேட்கவில்லை. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். சில நிமிடங்களில் மேடு இளகி, மஞ்சள் தூள் கலந்த பசையாகப் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியிலிருந்து இரண்டு எழுத்துகளும் பழுதில்லாமல் வெளிப்பட்டன.

அன்றிரவே எழுதினேன். "வெளியூரில் இருக்கிறேன் சார், வந்து பார்க்கிறேன்" என்றார். மறுநாள், தூதஞ்சலில் வந்த சூட்டில் ஏதாவது ஆகியிருக்கும் என்றார். மாலையில், ரசாயனம் போட்டு நீங்களே கெடுத்துவிட்டீர்கள், இனித் திரும்பப் பெற முடியாது என்றார். குழுவை நடத்துபவரிடம் போனேன். வாங்குபவரே பொறுப்பு என்பது விதி என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, என் பதிவையும் நீக்கி என்னையும் நீக்கினார். பாதுகாப்புக்கு மட்டும் விதி கிடையாது போலிருக்கிறது. இதற்கு மேல் வந்ததுதான் கொடுமை: அறிமுகமில்லாத ஓர் எண்ணிலிருந்து, அந்தக் காசை ரிசர்வ் வங்கி அங்கீகாரத்தோடு 60,000 ரூபாய்க்கு விற்றுத் தருவதாகவும், பதிவுக் கட்டணமாக 2,000 ரூபாய் மட்டும் அனுப்பும்படியும் செய்தி. 18,500 ரூபாய் இழந்தவன் இன்னும் 2,000 தருவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயங்களுக்குக் கட்டணமோ வரியோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது.

விரிவான வழிகாட்டி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்; கை ஓடவில்லை. இருபக்கப் படமும் விளிம்பின் படமும் இல்லாமல் முன்பணம் அனுப்பாதீர்கள். அச்சு விரிசல் புடைத்து நிற்கும், கீறல் பள்ளமாக இருக்கும். பள்ளமாக இருப்பதை விரிசல் என்று விற்றால் விலகுங்கள். அட்டைச் சான்றிதழைக் குப்பையில் போடுங்கள். பணம் போனது தெரிந்த உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நான் அவர் சொன்ன சாக்குகளைக் கேட்டு இரண்டு நாள் காத்திருந்துவிட்டு நேற்றுதான் அழைத்தேன். இன்று காலை குழுவில் இன்னும் இருக்கும் நண்பர் ஒரு படம் அனுப்பினார்: மஞ்சள் நிற ஐந்து ரூபாய், விளிம்பில் மேடு, கேட்கும் விலை 21,000 ரூபாய். அதிலும் ஒரு பக்கம்தான் தெரிகிறது.