மாத்திரையிலிருந்து ஜெல்லுக்கு: இரண்டு வருடக் காலண்டர் கணக்கு

எங்கள் சமையலறையில் நகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். 2023 மார்ச்சிலிருந்து அதில் நான் கிறுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "பால்காரருக்கு இவ்வளவு பாக்கியா?" என்றார் வீட்டுக்காரர். 'சூ' என்றால் உடம்பு குப்பென்று சூடேறியது. 'தூ' என்றால் தூக்கம் போச்சு. 'க' கறை, 'ப' படபடப்பு. மாதவிடாய் நின்ற பிறகு சாப்பிட்டுவந்த ஹார்மோன் மாத்திரையை விட்டு, தோலில் பூசும் ஜெல்லுக்கு மாறிய கதை இது. இங்கே எழுதுவதெல்லாம் அந்தக் கிறுக்கலைப் பார்த்துத்தான்.

எனக்கு 2020-ல், 47 வயதில் மாதவிடாய் நின்றது. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தேன். ராத்திரியில் மூன்று முறை நைட்டி மாற்றும் நிலை வந்ததும், 2021-ல் ஹார்மோன் மாத்திரை தொடங்கினேன். ஈஸ்ட்ரோஜனுக்கு (மாதவிடாய் நிற்கும்போது உடம்பில் குறைந்துபோகும் பெண் ஹார்மோன்) ஒரு மாத்திரை, கூடவே மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை. கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிடக் கூடாது. கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போய்ப் புற்றில் முடியலாம். அதைத் தடுக்கத்தான் இரண்டாவது மருந்து.

நாத்தனார் உடனே, "அண்ணி, அதைச் சாப்பிட்டா கேன்சர் வரும்னு சொல்றாங்களே" என்றாள். 2002-ல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்வின் எதிரொலி அது. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மருந்து சாப்பிட்ட 10,000 பேரில் வருடத்துக்குச் சுமார் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்று வந்தது. பயப்பட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மார்பகப் புற்று வந்தவர்களுக்குப் பொதுவாக இந்தச் சிகிச்சையே கொடுப்பதில்லை. ஆனால் எனக்கு 48 வயது, குடும்பத்தில் யாருக்கும் இல்லை, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. கணக்குப் போட்டுத்தான் இறங்கினேன்.

மாத்திரை வேலை செய்தது. பத்தாவது நாளிலிருந்து நைட்டி மாற்றவில்லை. இரண்டு வருடம் நன்றாக ஓடிய பிறகு, வழக்கமான ரத்தப் பரிசோதனையில் 160 இருந்த டிரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு) 310 என்று வந்தது. வாய் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். அங்கே கொழுப்பையும் ரத்தம் உறைய வைக்கும் பொருட்களையும் கூட்டிவிடும். தோலில் பூசும் ஈஸ்ட்ரோஜன் ஜெல் நேரே ரத்தத்தில் கலப்பதால் அந்தத் தொல்லை குறைவு. அதனால் ஜெல்லுக்கு மாறலாம் என்றார் மகப்பேறு மருத்துவர். அதோடு மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனுக்குப் பதில் உடம்பில் சுரப்பதைப் போன்றதேயான இயற்கைப் புரோஜெஸ்டிரோன், இரவில் 100 மி.கி. கேப்ஸ்யூல். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினோம். இப்போது யோசித்தால், நான் செய்த முதல் தப்பு அதற்குத் தலையாட்டியதுதான். முதலில் ஜெல், இரண்டு மாதம் கழித்து மற்றது என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஏதாவது ஆனால் எதனால் ஆனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புரோஜெஸ்டிரோன் வாங்கப் போன அன்றே ஒரு கூத்து. மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது கர்ப்பம் தங்கக் கொடுக்கிறதாச்சே, யாருக்கும்மா? உங்க மகளுக்கா?" என்றான். எனக்குத்தான் என்றதும் அவன் முகம் போன போக்கு! அதே மருந்துதான், வேலை வேறு.

முதல் வாரம் ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டதும் கேப்ஸ்யூலை விழுங்கினேன். ஒன்பதரைக்கு டி.வி. முன்னால் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கைக்குப் போனேன். காலையிலும் மந்தம். உடம்பு இதைத் தூக்கம் வரவைக்கும் இன்னொரு பொருளாக மாற்றுகிறது. சாப்பாட்டோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஏறுவதும் கூடுதல். மருத்துவரிடம் சொன்னேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, விளக்கை அணைக்கும்போது போடச் சொன்னார். அப்புறம் மந்தம் போய்விட்டது, தூக்கம் மட்டும் மிச்சம். அது பக்கவிளைவா பரிசா என்று இன்னும் தெரியவில்லை.

ஜெல் பூசுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் மதுரையில் அதற்கும் நேரம் பார்க்க வேண்டும். குளித்து, ஈரம் போகத் துடைத்து, மேற்கையிலோ தொடையிலோ மெல்லியதாகப் பரப்பி, ஃபேனுக்கு அடியில் காய விட வேண்டும். மார்பில் பூசவே கூடாது. அதே இடத்தில் அந்த நேரத்துக்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், கிரீமும் வேண்டாம். ஜெல்லில் ஆல்கஹால் இருக்கிறது, காயும்வரை தீப்பிடிக்கும். நான் குளித்ததும் விளக்கேற்றுகிறவள். இப்போது விளக்கு முதலில், ஜெல் அப்புறம். பேத்தியைத் தூக்குவதென்றால் பூசிய இடத்தை ரவிக்கைக் கை மூடியிருக்க வேண்டும். அவள் தோலில் ஒட்டினால் அவள் உடம்பிலும் ஏறும்.

ஐந்தாவது வாரம் காலண்டரில் முதல் 'க'. மூன்று வருடம் கழித்துக் கறையைப் பார்த்தால் எப்படியிருக்கும்? அன்று ராத்திரி கேப்ஸ்யூல் போட்டும் தூங்கவில்லை. ஸ்கேனில் உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்குள் இருந்தது. மருந்து மாற்றிய முதல் சில மாதம் இப்படி வரலாம், ஆறு மாதம் தாண்டியும் வந்தாலோ, நின்று மறுபடி தொடங்கினாலோ கட்டாயம் சோதிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு பத்தாவது வாரத்தோடு நின்றது.

இனிதான் விஷயமே. ஏழாவது வாரத்திலிருந்து 'ப' வர ஆரம்பித்தது. நெஞ்சு தடதடக்கும். கை லேசாக நடுங்கும். கொட்டக் கொட்ட வேர்க்கும். சித்திரை மாதம், அழகர் ஆற்றில் இறங்கிய நேரம், ஊரே வேர்த்துக்கொண்டிருந்தது என்பதால் முதல் பத்து நாள் வெயில் என்றே விட்டுவிட்டேன். அப்புறம் ஜெல் போதவில்லை என்று நானே முடிவுகட்டி, ஒரு அழுத்துக்குப் பதில் இரண்டு அழுத்து பூசினேன். வேர்வை நிற்கவில்லை. மார்பு கல் மாதிரி வலித்ததுதான் மிச்சம். எடை இரண்டு கிலோ குறைந்தது. "இளைச்சுட்டீங்களே அக்கா" என்று பக்கத்து வீட்டில் பாராட்டு வேறு!

கடைசியில் எங்கள் தெரு டாக்டர் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டுக் கேட்டார்: "தைராய்டு மாத்திரை எவ்வளவு?" தூக்கிவாரிப் போட்டது. பதினைந்து வருடமாகச் சாப்பிடுகிறேன். 75 மைக்ரோகிராமில் இருந்தது, 2021-ல் ஹார்மோன் மாத்திரை தொடங்கிய சில மாதத்தில் 100 ஆக ஏற்றினார்கள். ஏன் ஏறியது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. காரணம் அதே கல்லீரல். வாய்வழி ஈஸ்ட்ரோஜன், தைராக்ஸினை, அதாவது அந்தத் தைராய்டு மாத்திரையில் இருக்கும் ஹார்மோனை, ரத்தத்தில் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டும். மாத்திரையில் கொஞ்சம் அதில் சிக்கிக்கொள்ளும், அதனால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ஜெல் அந்தப் புரதத்தை அவ்வளவாகத் தொடாது. நான் ஜெல்லுக்கு மாறியதும் புரதம் குறைந்தது, சிக்கியிருந்த தைராக்ஸின் அவிழ்ந்தது, 100 எனக்கு அதிகமாகிவிட்டது. தைராய்டு ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். 0.1 என்று வந்தது; தைராக்ஸின் அதிகமானால் இது இறங்கும். மறுபடி 75. ஆறு வாரத்தில் படபடப்பு அடங்கியது. ஜெல்லும் பழையபடி ஒரே அழுத்து.

மகப்பேறு மருத்துவர் தைராய்டைப் பற்றிக் கேட்கவில்லை. தைராய்டு பார்ப்பவர் ஹார்மோனைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் இருவரிடமும் மற்றதைச் சொல்லவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, என் மேல் அதைவிடக் கொஞ்சம் அதிகம். தைராக்ஸின் சாப்பிடுகிறவர்கள் ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கினாலும் விட்டாலும் ஜெல்லுக்கு மாறினாலும், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள். கேட்காவிட்டாலும் நீங்களே கேளுங்கள். நான் காத்திருந்த மாதிரி எல்லாவற்றுக்கும் காத்திருக்கவும் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இதுவரை வராத மாதிரித் தலைவலி என்றாலோ காலண்டரில் குறித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

இப்போது இரண்டு வருடம் தாண்டிவிட்டது. டிரைகிளிசரைடு 190-ல் நிற்கிறது. காலண்டரில் மாதத்துக்கு ஒன்றிரண்டு 'சூ' இருந்தால் அதிகம். செலவு மட்டும் மாத்திரைக்கு ஆனதைப் போல மூன்று மடங்கு. எல்லாக் கடையிலும் கிடைப்பதும் இல்லை, சொல்லிவைத்து வாங்க வேண்டும். போன தீபாவளிக்குக் கடைகள் மூடி நான்கு நாள் ஜெல் இல்லாமல் போனது. மூன்றாம் ராத்திரியே நைட்டி மாற்ற எழுந்தேன். அதிலிருந்து பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் எப்போதும் ஒரு புட்டி இருக்கிறது. மருந்துக்கடைப் பையனும் இப்போது கேள்வி கேட்பதில்லை.