உண்மையா, உடான்ஸா? கார்ட்டூன் படங்களும் தீம் பார்க்குகளும்: மஞ்சள் பெட்டிச் சீட்டு விளையாட்டு மதிப்புரை

“வால்ட் டிஸ்னியின் உடலை இன்றும் உறைநிலையில் வைத்திருக்கிறார்கள்.” பெட்டியைத் திறந்ததும் கைக்கு வரும் முதல் சீட்டு இது. பின்பக்கம் திருப்பினால் சிவப்புப் பட்டையில் ‘பொய்’ என்று ஒற்றைச் சொல். அவ்வளவுதான். டிஸ்னி இறந்தது 1966 டிசம்பர் 15. இரண்டே நாளில் எரியூட்டிவிட்டார்கள். அடுத்த மாதம், 1967 ஜனவரியில், பிற்காலத்தில் உயிர்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்பவரின் உடலை முதன்முதலாக உறைய வைத்தார்கள். ஒரு மாத இடைவெளியில் வந்த இரண்டு செய்திகள். புரளி ஒட்டிக்கொள்ள அது போதும். இந்த நாலு வரி பின்பக்கத்தில் இருந்திருந்தால் அந்தச் சீட்டைச் சுற்றி பத்து நிமிடப் பேச்சு நடக்கும். இல்லாததால், “ஓ, பொய்யா” என்று அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெட்டியின் பலம், பலவீனம் இரண்டும் இதில் தெரிந்துவிடும்: கேள்வி பிரமாதம், பதில் கஞ்சத்தனம்.

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட், கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கத்துப் பொம்மைக் கடைகளில் 899 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே 120 சீட்டு: 70 அனிமேஷன் படங்கள் பற்றி, 50 தீம் பார்க்குகள் பற்றி. கூடவே ஒரு மணல் கடிகாரம், பந்தயம் கட்ட 40 பிளாஸ்டிக் வில்லைகள், மடித்து வைத்த விதித்தாள். எல்லாமே ஆங்கிலம். இரண்டு அணி, ஒரு அணி படிக்கும், எதிரணி முப்பது விநாடிக்குள் உண்மையா பொய்யா என்று சொல்லி ஒன்று முதல் மூன்று வில்லை வரை பந்தயம் வைக்கும். ஆறிலிருந்து எட்டுப் பேர் இருந்தால் சூடு பிடிக்கும். நான்கு பேருக்குக் குறைந்தால் எடுக்கவே வேண்டாம், பரீட்சை மாதிரி ஆகிவிடும்.

முதல் கோளாறு காகிதத்தில். சீட்டு மெல்லிசு. படிப்பவர் டியூப் லைட்டுக்கு எதிரே உட்கார்ந்து சீட்டைத் தூக்கிப் பிடித்தால் பின்பக்கத்துப் பச்சை, சிவப்புப் பட்டை நிழலாக முன்பக்கம் தெரிகிறது. குழந்தைகள் மூன்றாவது சுற்றிலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரியவர்கள் கடைசிவரை கவனிக்க மாட்டார்கள். படிப்பவர் சீட்டை ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டைமேல் வைத்துப் படித்தால் சரியாகிவிடும். ஜூன், ஜூலை சாரல் மாதங்களில் ஓரங்கள் சுருள்கின்றன. பாலிதீன் உறையில் போட்டு, மேலே ஒரு டெலிஃபோன் டைரக்டரியோ அரிசி டப்பாவோ வைத்தால் நேராகும்.

இரண்டாவது கோளாறு கணக்கில், இதுதான் பெரியது. 120 சீட்டில் 78 உண்மை, 42 பொய். ஆட்டம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு ‘உண்மை’ என்று சொல்லும் அணிக்கு 65 சதவீதம் சரியாக வரும். படத்தையே பார்க்காத பெரியப்பா இப்படிச் சொல்லியே ஜெயித்துவிடலாம். தீர்வு சுலபம்: 36 உண்மைச் சீட்டுகளை எடுத்து ஓரமாக வையுங்கள். மீதி 84, பாதிக்குப் பாதி. எதை எடுப்பது என்றால், “டாய் ஸ்டோரி 1995ல் வந்தது” ரகத்துச் சீட்டுகளை. கேட்டதும் யாரும் சந்தேகப்படாத சீட்டுக்கு இந்த விளையாட்டில் வேலையில்லை.

பொய்களின் தரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல புருடாவுக்கு உள்ளே ஒரு உண்மை முதுகெலும்பு இருக்கும். “புயல் எச்சரிக்கை வந்தால் ஃப்ளோரிடாவின் சிண்ட்ரெல்லா கோட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்கள்” என்ற சீட்டு அருமை. பொய்தான். ஆனால் கேட்கிறவர் தலைக்குள் ஃப்ளோரிடாவின் புயல்கள், டிஸ்னியின் தந்திரங்கள் எல்லாம் ஓடி, ‘செய்தாலும் செய்வார்கள்’ என்று தோன்றும். அந்தக் கோட்டை 189 அடி. 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு போட வேண்டிவரும் என்றுதான் அதற்குள் நிறுத்தினார்கள் என்பது பக்கத்திலேயே வரும் உண்மைச் சீட்டு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எதிரணி தடுமாறும்.

“ஃபின்லாந்தில் டொனால்ட் டக்கைத் தடை செய்தார்கள், டவுசர் போடாததால்” என்பதும் அந்தத் தரம்தான். 1977ல் ஹெல்சிங்கி நகரத்து இளைஞர் குழு, செலவைக் குறைக்க டொனால்ட் டக் காமிக்ஸ் பத்திரிகை வாங்குவதை நிறுத்தியது. அந்த விஷயம் வாய் மாறி வாய் மாறி டவுசரில் போய் நின்றது. பின்பக்கத்தில் இதுவும் இல்லை.

மட்டமான பொய்களும் இருக்கின்றன. “மிக்கி மவுஸுக்கு ஏழு விரல்” என்பது போல. படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே! சுமார் பத்துச் சீட்டு இந்த ரகம். அவற்றையும் தூக்கிவிட்டு, சமன் கெடாமல் அதே அளவு உண்மைச் சீட்டையும் குறையுங்கள். இன்னொன்று, பொய்ச் சீட்டு எழுதியவருக்கு ஒரு பழக்கம்: பொய் என்றால் ‘ரகசிய விதி’, ‘ரகசிய ஒப்பந்தம்’ என்று ஏதாவது ரகசியம் வந்துவிடும். நாலு ஆட்டம் ஆடியவர்களுக்கு அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். படிக்கும்போது அந்தச் சொல்லை விழுங்கிவிடுங்கள்.

கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் முழுக்க உண்மை என்ற வகைதான் பெட்டியின் உயிர். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் என்ற செயற்கை மலைக்குள் பாஸ்கட்பால் வளையம் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் மக்கள் நடப்பது உண்மையில் மாடியில். நிலத்தடி நீர்மட்டம் உயரமாக இருப்பதால் ஊழியர்களுக்கான சுரங்கப் பாதைகளைத் தரைமட்டத்தில் கட்டி, ஏரி தோண்டிய மண்ணைச் சுற்றிலும் கொட்டி, மேலே பூங்காவை வைத்தார்கள். பிக்ஸார் படங்களில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் ‘ஏ113’, பிக்ஸார் கலைஞர்கள் பலர் படித்த கால்ஆர்ட்ஸ் கல்லூரி வகுப்பறை எண். ‘ஸ்நோ ஒயிட்’டுக்காக டிஸ்னிக்கு ஒரு பெரிய ஆஸ்கரும் ஏழு குட்டி ஆஸ்கரும் கொடுத்தார்கள். இவற்றுக்கு மூன்று வில்லை பந்தயம் வைத்துத் தோற்காதவர் குறைவு.

இனி, பெட்டியே உடான்ஸ் விடும் இடங்கள். பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.

‘ஸ்நோ ஒயிட்’ (1937) உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் என்ற சீட்டுக்குப் பச்சைப் பட்டை, அதாவது ‘உண்மை’. தவறு. லோட்டே ரைனிகரின் நிழலுருவப் படம் ‘இளவரசர் அக்மத்தின் சாகசங்கள்’ 1926லேயே வந்துவிட்டது. அர்ஜென்டினாவின் கிரினோ கிறிஸ்தியானி எடுத்து, பிரதியே மிஞ்சாமல் போன ‘எல் அப்போஸ்தோல்’ 1917. ‘செல் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) தாளில் வரைந்த முதல் முழுநீளப் படம்’ என்று மாற்றினால் பச்சை நிற்கும். ‘ஸ்டீம்போட் வில்லி’ (1928) ஒலி இணைந்த முதல் கார்ட்டூன் என்பதும் தவறு. அமெரிக்க கார்ட்டூன் தயாரிப்பாளர்களான ஃப்ளைஷர் சகோதரர்கள் சில வருடம் முன்பே செய்துவிட்டார்கள். டோக்கியோ டிஸ்னிலேண்ட் டிஸ்னிக்குச் சொந்தம் என்கிறது இன்னொரு சீட்டு. சொந்தக்காரர்கள் ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம், டிஸ்னிக்குப் போவது உரிமைத்தொகை. அமெரிக்காவின் 139 மீட்டர் உயர ‘கிங்டா கா’ ரோலர் கோஸ்டரில் இன்றும் ஏறலாம் என்பது காலாவதி. 2025 பிப்ரவரி 28ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் விட வேடிக்கை அந்த பாஸ்கட்பால் சீட்டு. தகவல் உண்மை. ஆனால் பின்பக்கம், ஆச்சரியமாக, காரணமும் போட்டிருக்கிறார்கள்: விளையாட்டுக் கூடங்களுக்கு மட்டும் கட்டட உயரக் கட்டுப்பாடு கிடையாது என்பதால் வளையத்தை மாட்டினார்களாம். அதுதான் நாடறிந்த ரீல். ஊழியர்கள் ஓய்வு நேரத்தில் விளையாட மாட்டியது, அவ்வளவே. கஞ்சத்தனத்தை விட்டு ஒரு தடவை விளக்கம் கொடுத்தார்கள், அதுவும் இப்படி.

120 சீட்டில் நம் நாட்டைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்து, தாத்தா பாட்டிக்காக யாராவது தமிழில் சொல்லும் பெங்களூரு தமிழ் வீடுகளில் இது பெரிய குறை. பெரியவர்கள் முதல் சுற்றிலேயே காபி போட எழுந்து போய்விடுவார்கள். ஓரம் வைத்த உண்மைச் சீட்டுகளின்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி நம் சரக்கை எழுதிக்கொள்ளலாம். உண்மைக்கு இவை: சென்னை கிஷ்கிந்தா பூங்காவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன்தான் இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) தயாரிப்பாளர். பிடதி வொண்டர்லாவின் நிறுவனர், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் வீ-கார்டைத் தொடங்கியவர். டெல்லியில் இருந்த அப்பு கர் பூங்காவின் பெயர், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் யானைக்குட்டியிடமிருந்து வந்தது. ‘ராஜா சின்ன ரோஜா’ (1989) பாட்டில் ரஜினியோடு ஆடும் கார்ட்டூன் விலங்குகள் அனிமேஷன் கலைஞர் ராம் மோகனின் கைவண்ணம்.

பொய் தயாரிக்க, உண்மையில் ஒரே ஒரு திருகைத் திருப்புங்கள். டிஸ்னி ஓவியர் க்ளேர் வீக்ஸ் 1956ல் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து பயிற்சி கொடுத்தார் என்பது உண்மை. ‘வால்ட் டிஸ்னியே வந்தார்’ என்று எழுதுங்கள். பாதிப் பேர் நம்புவார்கள். ‘கோச்சடையான்’ (2014) நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து எடுத்தது. ‘ஒவ்வொரு காட்சியும் கையால் வரைந்தது’ என்று மாற்றினால் நல்ல பொய். ஒரு சீட்டில் இரண்டு திருகு திருப்பினால் நாற்றம் அடித்துவிடும்.

ஐந்துக்கு மூன்று. திருத்தி, ஸ்டிக்கர் ஒட்டி, நம்மூர்ச் சரக்கைச் சேர்த்தால் நான்கு. இரண்டு மணி நேர வேலை, ஒரு தாள் ஸ்டிக்கர் போதும். 899 அதிகம்தான், சலுகை விற்பனையில் பார்த்தால் வாங்கலாம். ஸ்டிக்கரில் ஜெல் பேனா வேண்டாம், கைபட்டால் ஈஷிவிடும். பால்பாயிண்ட்டில் எழுதுங்கள், ஆனால் ஒட்டுவதற்கு முன்பே. ஒட்டிய பிறகு அழுத்தி எழுதினால் அந்த மெல்லிசுச் சீட்டில் தடம் பின்பக்கம் தெரிந்துவிடும்.