நெல்லை இலையை ஜெர்மனிக்குக் காட்டுதல்: ஐந்தாண்டுக்கு மேலான அனுபவம்

எங்கள் நிறுவனம் நிலாவாரை இலை வாங்கி, பிரித்து, மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. சாத்தான்குளம், விளாத்திகுளம் பக்கத்து விவசாயிகள் அவுரி என்று சொல்வது இதைத்தான். மலச்சிக்கல் மாத்திரைகளுக்கு மூலப்பொருள். அரேபியாவிலிருந்து வந்த செடி என்றாலும் உலக மருந்துச் சந்தையில் இதற்கு நம் ஊர்ப் பெயர்தான்: 'தின்னவேலி சென்னா'. இலை இருப்பது இங்கே கிட்டங்கியில். சாறு பிரிக்கும் ஆலை ஐதராபாத்தில். வாங்குபவர் ஜெர்மனியில். தரப் பிரிவில் இருக்கும் நான் 2020 முதல் வீடியோ கூட்டங்களையும், பல இடங்களில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் எழுதி வரையக்கூடிய இணையப் பலகைகளையும் வைத்துத்தான் மூன்று இடங்களிலும் வேலை நடத்துகிறேன். மூலிகை, விதை, மருந்துத் தொழிலில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் பாடம் நிறத்தில் கிடைத்தது. நிலாவாரையை நிழலில் உலர்த்த வேண்டும். ஒழுங்காக உலர்ந்த இலை மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும்; வெயிலில் கிடந்தாலோ ஈரத்தோடு குவித்து வைத்தாலோ பழுப்பேறிவிடும். விலையே இந்த நிறத்தில்தான் தொடங்குகிறது. முதல் ஆண்டில் ஒரு நாள் கிட்டங்கியில் டியூப் லைட்டுக்குக் கீழே கைப்பேசியைப் பிடித்து, வாங்குபவரின் தர அதிகாரிக்குச் சரக்கை நேரலையில் காட்டினேன். என் கையில் பச்சை இலை. அவர் திரையில் பழுப்பு இலை. "இந்தச் சரக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய் சொல்லி விற்க வந்தவனைப் போல அவர் முன்னால் நின்றதுதான் வலித்தது.

காரணத்தைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கேமரா தன் போக்கில் வெள்ளை எது என்று ஊகித்து மற்ற நிறங்களை மாற்றிக்கொள்கிறது. அதற்கு மேல், வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது வெளிச்சத்தின் அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் போகிறது. நிறமோ பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் போகிறது. மனித முகத்துக்கு அது போதும். இலைக்குப் போதாது. அன்றிலிருந்து நிறம் பார்க்க வேண்டிய எதையும் நாங்கள் நேரலையில் காட்டுவதில்லை. வடக்குப் பக்க ஜன்னல் ஓரம் ஒரு மேசை. அதன்மேல் இலை, பக்கத்தில் புகைப்படக்காரர்கள் வைத்துக்கொள்ளும் சாம்பல் நிற அட்டை. காலை பத்து மணிக்குள் படம் எடுத்து, சுருக்காமல் கோப்பாகவே பலகையில் ஏற்றிவிடுகிறோம். அந்த அட்டையை வைத்து அவர்கள் தங்கள் திரையில் நிறத்தைச் சரிசெய்துகொள்கிறார்கள். சில நூறு ரூபாய் அட்டை. நிறத்தைப் பற்றிய வாக்குவாதம் அதற்குப் பிறகு வரவே இல்லை.

இங்கிருந்துதான் என் முக்கியமான முடிவுக்கு வந்தேன். எங்கள் தொழிலுக்கு முகம் காட்டும் வீடியோ பெரிதாகப் பயன்படவில்லை. பயன்பட்டது பொருளைக் காட்டும் படமும், அந்தப் படத்தின்மேல் இரு தரப்பும் கைவைத்துக் கோடு போடும் வசதியும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் கிட்டங்கியில் இலை பிரிக்கும் அக்கா. இருபது வருடத்துக்கு மேல் இந்த இலையைத் தொட்டு வளர்ந்த கை. ஒரு முறை ஜெர்மனியிலிருந்து ஒரு படத்தை அனுப்பி, இலைகளில் இருக்கும் கருமை பூஞ்சையா என்று கேட்டார்கள். நானும் ஐதராபாத் வேதியியலாளரும் கால்மணி நேரம் ஆங்கிலத்தில் விவாதித்துக்கொண்டிருந்தோம். பின்னால் நின்ற அக்கா, "தம்பி, அந்தப் படத்தை என்னிடம் கொடுங்கள்" என்றார். டேப்லெட்டையும் பேனாவையும் கொடுத்தேன். நடு நரம்பை ஒட்டிக் கறுத்த இலைகளை மட்டும் ஒவ்வொன்றாக வட்டம் போட்டார். "இது ஈரத்தோடு குவித்தது." புள்ளி புள்ளியாகக் கறுத்தவற்றுக்கு வேறு நிறத்தில் வட்டம். "இது காயும்போது தூறல் பட்டது. இரண்டும் இரண்டு வீட்டுச் சரக்கு. ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள்." வட்டங்கள் அவர் போடப் போட ஜெர்மனியில் தெரிந்துகொண்டிருந்தன. நான் மொழிபெயர்த்தது இரண்டே வரி. முதல் வகை இலை வந்த மூட்டைகளைத் தனியே எடுத்து ஈரப்பதம் பார்த்தோம். மற்றவற்றைவிடக் கூடுதலாகவே இருந்தது. பூஞ்சை இல்லை என்று ஆய்வகமும் சொன்னது. அடுத்த கூட்டத்தில் அந்த அதிகாரி முதலில் கேட்டது, "அந்த அம்மா இருக்கிறாரா?" என்றுதான்.

ஆங்கிலம் தெரியாது என்பதாலேயே அதுவரை அக்காவைக் கூட்டத்துக்கு அழைத்ததில்லை. வருத்தத்தோடு இதைச் சொல்கிறேன். சரக்கைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அறைக்கு வெளியே நின்றிருந்தார். இப்போது அவருக்கென்று ஒரு கணக்கு, ஒரு பேனா நிறம். பச்சை வட்டம் என்றால் அது அக்காவின் பேச்சு.

மொழியைத் தானாகப் பெயர்க்கும் வசதியை நம்பி ஒரு முறை இடறினோம். விவசாயி ஒருவரிடம் பேசிய பதிவில் 'அவுரி' என்று வந்த இடமெல்லாம் நீலச் சாயம் எடுக்கும் செடியின் ஆங்கிலப் பெயராக மாறியிருந்தது. குற்றம் சொல்ல முடியாது. தமிழில் அவுரி என்ற பெயர் அந்தச் செடிக்கும் உண்டு. ஆனால் மருந்துத் தொழிலில் தாவரப் பெயர் மாறினால் சரக்கே மாறியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். விளக்கம் கேட்டு மூன்று கடிதங்கள் வந்தன. அதற்குப் பிறகு ஒரு பலகையைப் பெயர்களுக்கென்றே ஒதுக்கினேன். இலை, காய், பூ ஆகியவற்றின் படம். கீழே விவசாயி சொல்லும் பெயர், வியாபாரப் பெயர், தாவரவியல் பெயர். நித்தியகல்யாணி, கீழாநெல்லி என்று இப்போது பட்டியல் வளர்ந்திருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் நாள் திறப்பது இந்தப் பலகையைத்தான்.

நுண்ணோக்கி வேலைக்கு வருகிறேன். இலைத் துணுக்கைக் குளோரல் ஹைட்ரேட் கரைசலில் சூடாக்கித் தெளியவைத்துப் பார்த்தால் இலைத்துளைகளும், கரடு தட்டிய ஒற்றைச் செல் முடிகளும், நார்களை ஒட்டி வரிசையாக நிற்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் தெரியும். மேல்தோல் செல்களும் துளைகளும் சேர்ந்து நூறு இருந்தால் அதில் துளைகள் எத்தனை என்பதுதான் இலைத்துளைக் குறியீடு. நம் தின்னவேலி வகைக்கு அது 17 முதல் 20 வரை. எகிப்து, சூடான் பக்கத்து அலெக்சாண்டிரியா வகைக்கு 11 முதல் 13 வரை. தாவரவியலார் இரண்டையும் இப்போது ஒரே இனமாகச் சேர்த்துவிட்டாலும் சந்தையில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி விலை. முன்பெல்லாம் எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்புவோம். எண்ணியவர் சொன்னதை நம்ப வேண்டியதுதான். இப்போது படத்தையே பலகையில் ஏற்றி, எண்ணிய துளை ஒவ்வொன்றின்மேலும் புள்ளி வைக்கிறோம். விடுபட்டதை அங்கிருந்து அவர்கள் சுட்டலாம். ஓரத்தில் பாதி தெரியும் செல்லை எண்ணுவதா வேண்டாமா என்று இரு ஆய்வகங்களும் வேறு வேறு வழக்கம் வைத்திருந்தது இப்படித்தான் வெளியே வந்தது. பல வருடமாக இரண்டு எண்களும் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு விடை ஒரே மதியத்தில் கிடைத்தது.

காதால் கேட்க வேண்டிய வேலையும் உண்டு. அரவை இயந்திரம் ஒரு நாள் வழக்கமில்லாத சத்தம் போட்டது. ஐதராபாத்தில் இருக்கும் பொறியாளருக்குக் கைப்பேசியில் கேட்கவைத்தோம். "நன்றாகத்தானே ஓடுகிறது, சத்தமே இல்லையே" என்றார். பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இரைச்சல் என்று மென்பொருள் வடிகட்டியிருந்தது. அமைப்புக்குள் போய் அந்த வடிகட்டலை நிறுத்தியதும் பத்தே நொடியில், "பேரிங் போய்விட்டது, உடனே நிறுத்துங்கள் அண்ணாச்சி" என்று அலறினார். இயந்திரம் வைத்திருக்கும் எல்லாருக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் வாங்குபவர்களின் தணிக்கையும் திரை வழியாகவே நடந்தது. 2021 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே தொலைவிலிருந்து மதிப்பிடுவதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. கைப்பேசியோடு கிட்டங்கிக்குள் நடந்தால் தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் அறுந்துவிடும். அறுந்த நேரத்தில் எதையாவது மறைத்தோமோ என்ற சந்தேகம் எதிரில் இருப்பவருக்கு இயல்பாக வரும். அதனால் வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் படம்பிடித்து முன்கூட்டியே அனுப்பிவிட்டு, கேள்விகளை மட்டும் நேரலையில் வைத்துக்கொண்டோம். கேட்கும் மூலைக்கு உடனே நடந்துபோய்க் காட்ட ஒருவர் கிட்டங்கியில் தயாராக நிற்பார்.

இணையப் பலகையின் பெரிய ஆபத்து அதன் எளிமைதான். யார் வேண்டுமானாலும் ஒட்டுச்சீட்டை நகர்த்தலாம். சல்லடைக் கண் அளவு எழுதிய சீட்டு ஒன்று யாரோ பலகையை இழுத்தபோது அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. அதைப் பார்த்து ஒரு சோதனைத் தொகுதியைச் சலித்துவிட்டார்கள். மறு சலிப்பில் சரியானது. ஆனால் மருந்துத் தொழிலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அழியாமல் நிற்க வேண்டும். மின்னணுப் பதிவுகளுக்கும் கையொப்பங்களுக்கும் 1997 முதல் அமெரிக்காவில் தனி விதியே இருக்கிறது. பகுதி 11 என்று தொழிலில் சொல்வார்கள். சாதாரண இணையப் பலகை அந்த விதிக்காகச் செய்யப்பட்டதல்ல. எங்கள் வழக்கம் இப்போது இதுதான்: பலகையில் பேசலாம், வரையலாம், அழிக்கலாம். முடிவு எடுத்ததும் அந்தப் பக்கத்தைப் பூட்டி, பிடிஎஃப் எடுத்து, கையொப்பத்தோடு ஆவண முறைக்குள் வைத்துவிட வேண்டும். பலகையைப் பார்த்து யாரும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையில் தாமிரபரணி கரை உடைத்தபோது எந்தக் கருவியும் உதவவில்லை. மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரம் இல்லை. முதலில் ஆட்கள் பத்திரமா என்று கேட்க ஆள் விட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கிட்டங்கியில் கீழ் அடுக்குகள் நனைந்திருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு, எந்தத் தொகுதி எந்த அடுக்கில் இருந்தது என்பதை மழைக்கு முந்தைய வாரம் ஏற்றிய படங்கள்தான் சொல்லின. மூட்டைகளின் சீட்டுகளில் மை கரைந்திருந்தது. படங்களில் எண்கள் தெளிவாக இருந்தன. நனைந்ததை மட்டும் கழித்து, நல்ல சரக்கைக் காப்பாற்றினோம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் காலை ஒன்பது நமக்குக் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. இலை பிரிப்பவர்கள் சாப்பிடும் நேரம். பசியோடு அவர்களைக் கேமரா முன் நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அக்கா காலையிலேயே படத்தில் வட்டம் போட்டு, தமிழில் குரல் பதிவு வைத்துவிடுகிறார். நான் கீழே எழுத்தில் பெயர்த்து வைக்கிறேன். அவர்கள் தங்கள் காலையில் பார்த்துப் பதில் போடுகிறார்கள். வாரம் ஐந்து கூட்டம் இருந்தது ஒன்றாகக் குறைந்திருக்கிறது.

செலவைக் கேட்பவர்களுக்கு: ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம், மைரோவின் இலவசக் கணக்கில் திருத்தக்கூடிய பலகை மூன்று. சிறிய நிறுவனம் பழகிப்பார்க்க இவை போதும். பணம் போடுவதானால் முதலில் நல்ல வெளிச்சத்துக்கும், நுண்ணோக்கியில் பொருத்தும் கேமராவுக்கும், மேலிருந்து கீழ்நோக்கிப் பிடிக்கும் கைப்பேசித் தாங்கிக்கும் போடுங்கள். இந்த வருடம் கூட்ட அறைக்குப் பெரிய திரை வாங்க ஒதுக்கியிருந்த தொகையை நாங்கள் கிட்டங்கிக்கு மாற்றி, ஜன்னல் ஓரத்தில் இரண்டாவது மேசை போட்டிருக்கிறோம். அதில் உட்காரப்போகும் பெண்ணுக்கு வட்டம் போட அக்காவே கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.