85 மில்லிமீட்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற ஜாக்கி: தாழ்த்திய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோவையில் ஒரு கருவிக் கடையில் கடந்த மாதம் நான் வாங்கிய, காரைத் தூக்கும் சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியும், தூக்கிய காருக்கு அடியில் முட்டுக்கொடுக்க அதோடு சேர்த்துக் கொடுத்த இரண்டு ஸ்டாண்டுகளும், தூக்கி நிறுத்திய காரைத் தாங்காமல் கைவிட்டன. அந்த நேரத்தில் காருக்கு அடியில் யாரும் இல்லாததால்தான் இதை வெறும் பொருள் நட்டமாக எழுத முடிகிறது. தாழ்த்தப்பட்ட கார் வைத்திருந்து, பிரேக் பேடு மாற்றுவது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவர்கள், ஜாக்கி வாங்கப் புறப்படும் முன் இதைப் படிக்க வேண்டுகிறேன்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2014ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் போலோ. முன்பு வைத்திருந்தவர் ஸ்பிரிங்குகளை வெட்டி வண்டியைத் தாழ்த்தியிருந்தார். கதவுகளுக்குக் கீழே, ஜாக்கி வைப்பதற்கென்று அடையாளமிட்ட தகட்டு மடிப்புக்கும் தரைக்கும் இடையே 11 சென்டிமீட்டர்தான் இருந்தது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் டிராலி ஜாக்கிகள் முழுக்க இறங்கிய நிலையிலேயே 13 சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் இருப்பவை என்பதால், உயரம் குறைந்த ‘லோ புரொஃபைல்’ ஜாக்கிதான் வேண்டும் என்று கடையில் தெளிவாகச் சொன்னேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்து, “இது மூணு டன்னுங்க, எந்த வண்டிக்கும் அடியில போயிருமுங்க” என்றார். ஜாக்கியின் பக்கவாட்டில் ‘குறைந்தபட்ச உயரம் 85 மி.மீ.’ என்று ஸ்டிக்கரும் இருந்தது. ஜாக்கிக்கும் ஸ்டாண்டுகளுக்கும் சேர்த்து 7,700 ரூபாய் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அளந்தபோது உயரம் 124 மில்லிமீட்டர் இருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, காரைத் தாங்கும் வட்டத் தட்டைக் கழற்றிவிட்டால் 85 வரும் என்றும், தட்டு இல்லாமலே வைத்துத் தூக்கலாம் என்றும் பதில் கிடைத்தது. என்னை ஏமாற்றியதைவிட இந்த யோசனைதான் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது. தட்டைக் கழற்றினால் மிஞ்சுவது தட்டின் தண்டு உட்காரும் இரும்புக் குழி மட்டுமே. மெல்லிய தகட்டு மடிப்பு அதன்மேல் வழுக்கி நகரும், அல்லது மடிந்து நசுங்கும். பிளவுள்ள ரப்பர் கட்டை ஒன்றைத் தட்டின்மேல் வைத்து, மடிப்பு அந்தப் பிளவுக்குள் இறங்கும்படி தூக்குவதுதான் முறை. அந்த ரப்பருக்கான உயரத்தையும் வாங்கும்போதே கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்காமல், சக்கரங்கள் முழுதாக ஏறி நிற்கும் அளவுக்கு அகலமும் நீளமும் உள்ள 4 சென்டிமீட்டர் தடிமன் பலகைகளின் மேல் காரை ஏற்றி இடைவெளியைக் கூட்டிக்கொண்டேன். தாழ்த்திய காருக்கு இது நல்ல வழிதான். ஆனால் தவறான பொருளை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற அதைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. பின்சக்கரங்களின் இருபுறமும் முட்டுக்கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்பக்கம் இடதுபுறத்தைத் தூக்கினேன். கழற்றிய சக்கரத்தைத் தகட்டு மடிப்புக்கு உட்புறமாகக் காரின் அடியில் படுக்க வைத்தேன். ஸ்டாண்டை எடுத்து வரச் சென்று, பத்து நிமிடத்தில் திரும்பி வந்து பார்த்தால் கார் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. உள்ளேயிருக்கும் சீல் அழுத்தத்தைத் தாங்காமல் எண்ணெயைக் கசியவிட்டால், பிடியை யாரும் தொடாமலே ஜாக்கி இப்படி மெல்ல இறங்கும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இந்த ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கி நிறுத்துவதற்கு அல்ல என்று சொல்வது இதனால்தான்.

மறுபடி தூக்கி, ஸ்டாண்டை வைத்து, பாரத்தை அதன்மேல் மெதுவாக இறக்கினேன். ஸ்டாண்டின் நடுத்தண்டிலுள்ள பல்லும், அதைப் பிடித்து நிறுத்தும் தாழும் கவ்விக்கொண்டதாகத்தான் தோன்றியது. அதன் மேல் நம்பிக்கை வராமல் காரின் ஓரத்தைக் கையால் அசைத்துப் பார்த்தபோது தாழ் விலகி, ஸ்டாண்டின் நடுத்தண்டு சரசரவென்று கீழே இறங்கியது. நான் படுக்க வைத்திருந்த சக்கரத்தின்மேல் கார் உட்கார்ந்தது. தகட்டு மடிப்பு ஒரு சாண் நீளத்துக்கு நசுங்கியது. டிங்கரிங் செலவு 2,500 ரூபாய். அந்தச் சக்கரத்தை மட்டும் நான் அடியில் போடாமல் இருந்திருந்தால் பிரேக் டிஸ்க் நேராகத் தரையில் மோதியிருக்கும். அடுத்து நான் செய்யவிருந்த வேலை, தலையை உள்ளே நீட்டி ஸ்பிரிங்கைப் பார்ப்பது.

இது எங்கோ ஒரு கடையில் மட்டும் நடக்கும் கோளாறு அல்ல. அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் என்ற கருவி விற்பனை நிறுவனம் 2020இல் தன் ஜாக்கி ஸ்டாண்டுகளைப் பெரும் எண்ணிக்கையில் திரும்பப் பெற்றது. பாரம் ஏறிய நிலையில் தாழ் பல்லிலிருந்து விலகிவிடக்கூடும் என்பதே அதற்குக் காரணம். மாற்றாகக் கொடுத்த சில ஸ்டாண்டுகளிலும் வெல்டிங் குறை கண்டுபிடிக்கப்பட்டது. அதனால், துளையில் கனமான கம்பியைச் செருகி நிறுத்தும் வகை ஸ்டாண்டையே நான் இப்போது வாங்கியிருக்கிறேன். கம்பி முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

‘மூணு டன்’ என்ற பேச்சில் மயங்க வேண்டியதே இல்லை. போலோவின் மொத்த எடையே ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும், ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின்மேல் வருவது அதில் ஒரு பகுதிதான். தாழ்த்திய காருக்கு முதலில் பார்க்க வேண்டியது, தட்டும் ரப்பரும் சேர்ந்த நிலையில் ஜாக்கியின் உயரம். அடுத்து, எவ்வளவு உயரம்வரை தூக்கும் என்பது. கடைக்கே அளவு நாடாவைக் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். வெட்டிய ஸ்பிரிங் உள்ள காருக்கு இன்னொன்றும் உண்டு: சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து தன் இருக்கையிலிருந்து விலகக்கூடும், பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனியாக நிற்கும் போலோ போன்ற வண்டிகளில் வெளியே விழவும் கூடும். காரை இறக்குமுன் அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிராலி ஜாக்கி தூக்கும்போது சற்றே உருள வேண்டும் என்பதால், கற்களுக்கிடையே அதன் சக்கரம் சிக்கும் பேவர் பிளாக் தரையும் மண்தரையும் ஆகாது.

கடைக்குத் திரும்பிப் போனபோது, “வண்டியத் தாழ்த்தினது உங்க தப்புங்க, யூஸ் பண்ணின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோமுங்க” என்று கைவிரித்தார்கள். என்னிடம் இருந்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்காதது என் பிழை. நீங்கள் அந்தப் பிழையைச் செய்யாதீர்கள். இருந்தாலும் பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவும், ஸ்டிக்கரின் படமும், நாடாவோடு எடுத்த படமும் என்னிடம் இருந்தன. அவற்றை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதன்பின் கடையிலிருந்து அழைத்து, அதே மாடலில் வேறொன்று தருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

அந்த ஜாக்கி இப்போது சாட்சியாக என் வீட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டார் யாராவது தெரியாமல் இரவல் எடுத்துவிடக் கூடாது என்று அதன் கைப்பிடியைத் தனியாகப் பூட்டி வைத்து, ‘எண்ணெய் கசிகிறது, தொடாதீர்கள்’ என்று பெயின்டால் எழுதியிருக்கிறேன். வழக்கு முடிந்ததும் அதை அறுத்துத்தான் பழைய இரும்புக்குப் போடுவேன்.