சராசரி பணிக்காலமா, பிரிவு வாரிப் பட்டியலா?

பெரிய நிறுவனத்தின் அறிக்கையில் ‘சராசரி பணிக்காலம் 11 ஆண்டு’ என்று ஒரே வரியில் போட்டுவிடலாம். படிக்கச் சுலபம், அவ்வளவுதான். பத்துப் பேர் உள்ள ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆறு பேர் வேலைக்கு வந்து தலா 1 ஆண்டு, நான்கு பேர் வந்து தலா 26 ஆண்டு. கூட்டி வகுத்தால் 11. ஆனால் 11 ஆண்டு வேலை பார்த்தவர் அங்கே ஒருவர்கூட இல்லை! அந்த நான்கு பேரும் ஓய்வு பெற்றால் வேலை தெரிந்தவர் யார் மிஞ்சுவார்?

பணிக்காலம், வயது என்று ஆட்களைப் பிரித்து எண்ணும் பிரிவு வாரிப் பட்டியல் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். நிறுவன அறிக்கைகளுக்கான பன்னாட்டுத் தரநிலைகளில் ஒன்றான ஜிஆர்ஐ 405-ம் ஊழியர் வயதை 30க்குக் கீழ், 30 முதல் 50, 50க்கு மேல் என்றுதான் பிரிக்கிறது. அப்புறம் ஆண், பெண் என்றும் பிரித்துப் பாருங்கள். குழந்தை பிறந்தபின் பெண்கள் வேலையை விட்டுப் போயிருந்தால், அந்த வயதுப் பிரிவில் பெண்கள் எண்ணிக்கை பள்ளமாகத் தெரியும். பட்டியல் நீளம்தான், சரி, இருக்கட்டும். என் ஓட்டு இதற்குத்தான்.